விருப்பப் பட்டியலை யார் எழுதுகிறார்கள்?

ஜூலை பிறந்தால் எங்கள் பக்கத்தில் ஓர் அறிவுரை சுற்ற ஆரம்பிக்கும். “கிடைக்காத காலேஜை எல்லாம் மேலே போட்டு சாய்ஸை வீணாக்காதே. போன வருஷ கட்-ஆஃபைப் பாரு, உனக்கு நிச்சயமா வர்றதை முதல்ல போடு. இல்லேன்னா அதுவும் கைவிட்டுப் போயிடும்.” பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் தம்பி இதைச் சொல்வார். போன வருடம் கல்லூரியில் சேர்ந்த பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வார். சில சமயம் எங்கள் ஆசிரியர் அறையிலேயே யாராவது சொல்வார்கள். எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங்கைப் பொறுத்தவரை இந்த அறிவுரை அடியோடு தவறு. இதை நம்பி, தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தைத் தன் கையாலேயே கீழே தள்ளி எழுதிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு ஜூலையிலும் இதைக் கேட்கும்போது மனசு ஆறமாட்டேன் என்கிறது.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். பொதுத் தேர்வு முடிந்ததும் அந்த வகுப்போடு என் வேலை முடிந்தது என்று கால அட்டவணை சொல்லும். எங்களைப் போன்ற பள்ளிகளில் அது அப்படி முடிவதில்லை. ரிசல்ட் வந்த மறுநாளே பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கூடவே அம்மாவோ பாட்டியோ வருவார்கள். 92, 84, 80 என்று மூன்று மதிப்பெண்ணைச் சொல்லி, “கட்-ஆஃப் எவ்ளோங்க டீச்சர்?” என்பார்கள். கணக்கு அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி, ஆக 174. இதுவரை எல்லாம் எளிது. அப்புறம் பதிவுக் கட்டணம், சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடை, ஸ்கேன் செய்த படத்தைத் தளம் ஏற்காமல் அடம்பிடிப்பது, ரேண்டம் எண் (மதிப்பெண் எல்லாம் சமமாக இருந்தால் யார் முன்னால் என்று முடிவு செய்யக் கொடுக்கும் எண்) என்றால் என்ன என்ற கேள்வி. இவையெல்லாம் தொந்தரவுகள்தான், ஆளைக் கவிழ்த்துவிடாது. ரேங்க் பட்டியல் வந்த பிறகு பிள்ளைகளை ரேங்க்படி சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றிலும் கொடுக்கப்படுகிற அந்த மூன்று நாள்தான் கவிழ்க்கும். சாய்ஸ் ஃபில்லிங் நாட்கள்: எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று வரிசைப்படுத்தி விருப்பப் பட்டியலை ஆன்லைனில் எழுதும் நாட்கள்.

வரிசை நகரும் விதம்

கணினி செய்வது மிகவும் எளிமையான வேலை. ஒரு சுற்றில் முதல் ரேங்கில் இருப்பவரின் பட்டியலை எடுக்கிறது. மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, எந்த வரியில் இடம் இருக்கிறதோ அங்கே நின்று அதைக் கொடுக்கிறது. பிறகு அடுத்த ரேங்க். உங்கள் முறை வரும்போதும் இதேதான். உங்கள் முதல் வரியில் கிண்டி பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே பொதுப் பிரிவிலும் இடமில்லை, உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவிலும் இடமில்லை என்றால் இரண்டாவது வரிக்குப் போகும். அங்கும் இல்லையென்றால் மூன்றாவது. 20-வது வரியில்தான் இடம் இருக்கிறது என்றால் அது உங்களுக்கு. மேலே இருந்த 19 வரிகள் உங்களிடமிருந்து எதையும் பிடுங்கிக்கொள்ளவில்லை. உங்களுக்குப் பின்னால் ரேங்க் உள்ள ஒரு பையன் அதே கல்லூரியைத் தன் முதல் வரியில் எழுதியிருக்கலாம். எழுதிவிட்டுப் போகட்டும். கணினி அவனிடம் வருவதே உங்கள் கணக்கு முடிந்த பிறகுதான். இங்கே ரேங்க் மட்டுமே முந்தும், வரி எண் முந்தாது.

இந்தப் பயத்தை நான் முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம் கொடுக்கும் முறைகள் உலகத்தில் இருந்திருக்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பள்ளிச் சேர்க்கை அப்படித்தான் நடந்தது. முதல் வரியில் எழுதிய பள்ளி கிடைக்காமல் போனால், இரண்டாவது வரியில் எழுதிய பள்ளி அதற்குள் வேறு பிள்ளைகளால் நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் எந்தப் பள்ளிக்கு எத்தனை பேர் மோதுவார்கள் என்று கணக்குப் போட்டு எழுதினார்கள். தெரியாதவர்கள் ஆசைப்பட்டதை அப்படியே எழுதி ஏமாந்தார்கள். 2005-ல் அந்த ஊர் அந்த முறையைக் கைவிட்டது. அப்படி ஓர் ஊரில் எங்கள் பிரவுசிங் சென்டர் தம்பி சொல்வது தங்கமான அறிவுரை. நம் ஊரில் அது பிள்ளையைக் கிணற்றில் தள்ளுவது. நம் முறையில் மனதில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவருக்கு நஷ்டமே கிடையாது. கணக்குச் சொல்லித் தருகிறவள் என்ற முறையில் இதை எத்தனை அழகான ஏற்பாடு என்று நினைக்கிறேன். இந்த அழகை நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

போன வருட கட்-ஆஃபைப் பார்ப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. கணக்கு வினாத்தாள் கடினமாக வந்த வருடம் எல்லோருடைய கட்-ஆஃபும் சேர்ந்து இறங்கும்; எளிதாக வந்தால் சேர்ந்து ஏறும். போன வருடம் 176-க்கு மூடிய இடம் இந்த வருடம் 171-க்குக் கிடைக்கலாம், மறுபடியும் ஏறவும் செய்யலாம். பார்க்கத்தான் வேண்டுமென்றால் ரேங்கோடு ரேங்கை ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதுவும் பட்டியலின் அடிப்பகுதி போதுமான அளவு நீண்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மட்டும். மேல் பகுதியை எழுத அது தேவையில்லை. 176 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து அந்தக் கல்லூரியைப் பத்து வரி கீழே இறக்கி எழுதிய ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். அவனைவிடப் பின்தங்கிய ரேங்கில் இருந்த அவன் நண்பனுக்கு, அதே இட ஒதுக்கீட்டுப் பிரிவில், அதே கல்லூரியில், அதே இடம் கிடைத்தது. இருவரும் ஒன்றாகத்தான் பள்ளிக்கு வந்து சொன்னார்கள். நண்பன் சந்தோஷமாகச் சொன்னான். இவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அரங்கில் நின்ற காலம்

1997-ல் ஒற்றைச் சாளர முறை வந்தது. அதற்குப் பிறகு பல வருடங்கள், கவுன்சிலிங் என்றால் நேராக அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போவதுதான். என் தம்பிக்காக நானும் அப்பாவும் போயிருக்கிறோம். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசுப் பேருந்தில் பிள்ளைக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் பாதிக் கட்டணம். மூன்றாவது ஆளான எனக்கு முழு டிக்கெட். இரவு முழுக்கப் பேருந்தில் வந்து, காலையில் கிண்டியில் மரத்தடியில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்தவர்கள் எத்தனையோ குடும்பங்கள். வெளியே பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் இன்னும் எத்தனை இடம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணெதிரே 3 என்பது 2 ஆகும், 2 என்பது 0 ஆகும். அப்பா ஒரு பழைய டைரியில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த அலைச்சலை நான் புகழப் போவதில்லை. திருநெல்வேலியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் கைக்குழந்தையோடு வந்து, ஐந்து நிமிட வேலைக்காக ஒரு நாள் கூலியையும் பேருந்துக் காசையும் இழந்தவர்கள் அநேகம். 2018-ல் எல்லாம் ஆன்லைனுக்கு மாறியது நல்லதுதான். ஆனால் அந்த அரங்கில் ஒரு விஷயம் இருந்தது. பிள்ளை உள்ளே போய் உட்காரும்போது அந்த நொடியில் எவையெவை மீதி இருக்கின்றன என்பது திரையில் தெரியும். மீதி இருப்பவற்றுள் ஒன்றைச் சொன்னால் போதும். இப்போது அப்படி இல்லை. எது மீதி இருக்கும் என்று தெரியாமலே, இருக்கக்கூடிய எல்லா நிலைமைக்கும் முன்கூட்டியே பதில் எழுதி வைத்துவிட்டு வர வேண்டும். கடைக்குத் தம்பியை அனுப்பும்போது, “பொன்னி இருந்தா பொன்னி வாங்கு, இல்லேன்னா இட்லி அரிசி, அதுவும் இல்லேன்னா அரை கிலோ ரவை” என்று சொல்லி அனுப்புகிறோமே, அந்த வேலை இது. பொன்னி கடையில் தீர்ந்திருக்கும் என்று நாமே ஊகித்துக்கொண்டு ரவையை முதலில் சொன்னால், பொன்னி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தாலும் தம்பி ரவையோடுதான் திரும்பி வருவான்.

அதோடு, அரங்கில் பிள்ளை தனியாகத்தான் பேச வேண்டியிருந்தது; பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ இருப்பார்கள், அவ்வளவுதான். வேறு யாரும் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். இதைத்தான் அடுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்றே வரியில் ஒரு பட்டியல்

எங்கள் பள்ளியில் படித்த ஒரு பெண். அப்பா பெங்களூருவில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, ஆகவே 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. 2021-ல் பொறியியலுக்கும் வந்த அந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. என் கண்ணால் அதன் பலனைப் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். ஆனால் கட்டணம் நிச்சயமாக வந்து சேரும் என்பதால், இப்படிப்பட்ட பிள்ளைகளின் வீடுகளைத் தேடிச் சில தனியார் கல்லூரிகளின் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஊரில் அவர்களுக்கு ‘அட்மிஷன் சார்’ என்று பெயர். ரிசல்ட் வந்த வாரத்திலேயே இந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஓர் அட்மிஷன் சார் வந்துவிட்டார். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். விண்ணப்பம் போட்டார், பதிவுக் கட்டணம் கட்டினார். டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்று எல்லாவற்றின் ஒரிஜினலையும் “பத்திரமா இருக்கட்டும்” என்று வாங்கிக்கொண்டார். செல்போன் எண் என்று கேட்ட இடத்தில் தன் எண்ணைப் போட்டார்.

அந்தப் பெண் என்னிடம் வந்தது எங்கள் சுற்றின் சாய்ஸ் ஃபில்லிங் தொடங்கிய முதல் நாள் மாலை. குறை சொல்ல வரவில்லை. “சாய்ஸ் எல்லாம் போட்டாச்சுங்க மிஸ், சும்மா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள். எத்தனை போட்டாய் என்று கேட்டேன். தெரியவில்லை. எந்தக் கல்லூரி என்று கேட்டேன். ஒரு பெயர் சொன்னாள். அடுத்தது எது என்றேன். “அதேதாங்க மிஸ்.” அட்மிஷன் சார் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் அவள் அம்மாவின் போனில் இருந்தது. மூன்று வரிகள். மூன்றிலும் ஒரே கல்லூரியின் நான்கு இலக்க எண். முதல் வரியில் ஏ.ஐ. டி.எஸ். (செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும்), இரண்டாவதில் சைபர் செக்யூரிட்டி, மூன்றாவதில் சி.எஸ். (கம்ப்யூட்டர் சயின்ஸ்). அவ்வளவுதான். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் கதவுகள் திறந்திருக்கும் ஒரு திரையில், அந்தப் பெண்ணுக்காக எழுதப்பட்டவை மூன்றே வரிகள். அவற்றுள் ஒன்றைக்கூட அவள் எழுதவில்லை.

திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதை மூடி வைத்துவிட்டு, “எல்லா காலேஜ்லயும் எல்லா குரூப்லயும் இடம் காலியா இருக்குன்னு வெச்சுக்கோம்மா. மார்க்கைப் பத்திக் கவலைப்படாதே. எது வேணும் உனக்கு?” என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. சொன்னால் சிரிப்பேனோ என்று பார்த்துவிட்டு, “ட்ரிபிள் இ மிஸ்” என்றாள். எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ், அதாவது மின்பொறியியல் படிப்பு. ஏன் என்று கேட்டேன். அவர்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்று இருக்கிறதாம். பள்ளிக்கு வரும் பஸ்ஸுக்காக அங்கே நிற்கும்போதெல்லாம் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். புகைந்துபோன பழைய செம்புக் கம்பியை வெட்டி எடுப்பது, புதுக் கம்பியின் கேஜைப் பார்ப்பது, எத்தனை சுற்று என்று எண்ணுவது, சுற்றி முடித்து வார்னிஷ் ஊற்றுவது, எல்லாம் சொன்னாள். “ஒரே கம்பிதான மிஸ், அதைச் சுத்துற விதத்துலதான எல்லாம் இருக்கு” என்றாள். இரண்டு வருடம் என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண். இவ்வளவு நேரம் அவள் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடவுச்சொல்லை மாற்ற ஓடிபி வேண்டும். ஓடிபி போவது அட்மிஷன் சாரின் போனுக்கு. மறுநாள் காலை, விண்ணப்பதாரருக்கு உதவ அரசு நடத்தும் சேவை மையத்துக்கு ஆதார் அட்டையோடு போய், எழுதிக் கொடுத்து, செல்போன் எண்ணை மாற்றினோம். அங்கே இருந்தவர்கள் பொறுமையாகச் செய்து கொடுத்தார்கள்; இப்படி வரும் முதல் ஆள் நாங்கள் இல்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. ஒரிஜினல் சான்றிதழ்களைத் திரும்பக் கேட்டபோது அட்மிஷன் சார் முதலில் சமாதானம் சொன்னார். “எங்க பஸ் உங்க தெரு முனைக்கே வரும்மா, பொண்ணு ராத்திரி வீட்டுக்கு வந்துடும், வேற என்ன வேணும்?” அந்த அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: “திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துடறேன் சார்.” அன்று மாலையே சான்றிதழ்கள் வீட்டுக்கு வந்துவிட்டன.

கடைசி நாள் எங்கள் பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில் உட்கார்ந்து பட்டியலை எழுதினோம். முதலில் பேப்பரில். அம்மாவும் கூட இருந்தார். அவருக்குக் கல்லூரிப் பெயர்கள் தெரியாது, ஆனால் ஊர்கள் தெரியும். ஆகவே ஊர்களை வைத்துப் பேசினோம். கிண்டி ட்ரிபிள் இ முதல் வரி. “அது எங்கங்க நமக்கு?” என்றார். கிடைக்காமல் போனால் ஒன்றும் குறையாது, கிடைத்தால் மெட்ராஸ் என்று சொன்னேன். சரி என்றார். அடுத்து சேலம் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரி, வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்ப நிறுவனம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர் அரசுக் கல்லூரி. இப்படியே கீழே இறங்கினோம். “பர்கூர்லயும் இல்லேன்னா?” என்று கேட்பேன். அவள் யோசித்துச் சொல்வாள். ஒரு கட்டத்தில் ட்ரிபிள் இ தூரத்து ஊரில் வேண்டுமா, பக்கத்தில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) போதுமா என்ற கேள்வி வந்தது. அங்கேதான் அம்மாவும் பெண்ணும் கொஞ்சம் வாதாடினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பட்டியல் மூன்று பக்கம் நீண்டது. கடைசிப் பக்கத்தில் அட்மிஷன் சாரின் கல்லூரியும் இருந்தது. அதையும் சேர்க்கச் சொன்னவள் அவளேதான். எதுவுமே கிடைக்காமல் போவதைவிட அது மேல் என்றாள். அது சரியான கணக்கு. எங்கள் பள்ளியிலேயே, ஆறேழு வரி மட்டும் எழுதிவிட்டு நல்ல மார்க்கோடு எந்த இடமும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகள் உண்டு.

பேப்பரிலிருந்து திரைக்கு ஏற்றும்போது கல்லூரி எண்ணைத்தான் பார்க்க வேண்டும், பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. சாமி பெயரிலும் தலைவர்கள் பெயரிலும் ஒரே மாதிரி எத்தனை கல்லூரிகள் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். நடுவில் ‘பொறியியல்’ என்பதற்குப் பதில் ‘தொழில்நுட்பம்’ என்று ஒரு சொல் மாறினால் கல்லூரியே வேறு, மாவட்டமே வேறு. அவள் எண்ணை வாசிக்க வாசிக்க, அம்மா பேப்பரில் விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எண்கள் தெரியும். ஒரு தவறைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

மேலே எழுதியது வந்துவிட்டால்

தற்காலிக ஒதுக்கீடு வந்தது: பர்கூர், ட்ரிபிள் இ. அப்புறம் இன்னொரு திரை. அக்செப்ட் அண்ட் ஜாயின் (கிடைத்ததிலேயே சேர்வது), அக்செப்ட் அண்ட் அப்வர்ட், டிக்ளைன் அண்ட் அப்வர்ட் (கிடைத்ததை விட்டுவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருப்பது), அடுத்த சுற்றுக்குப் போவது, மொத்தமாக விலகுவது என்று ஐந்து வழிகள். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ளது ஏதாவது காலியானால் அதற்குப் போகிறேன் என்பது இரண்டாவது வழி. அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள். ஒதுக்கீடு பெற்றும் சேராமல் போனவர்களின் இடங்கள் திரும்பி வந்தபோது வேலூர் கிடைத்தது. பர்கூர் இடம் தானாகவே அடுத்தவருக்குப் போய்விட்டது. இதைப் பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்: மேலே கிடைத்தால் கீழே உள்ளதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. மேலே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்பதெல்லாம் நடக்காது.

ஆகவே ‘ஆசைப்பட்டதை எழுது’ என்று நான் சொல்வதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஊர் மெச்சும் என்று கோயம்புத்தூரின் பெயர்பெற்ற கல்லூரியை மேலே எழுதிய ஒரு பையனுக்கு அது கிடைத்தேவிட்டது. விடுதிப் பணம் வீட்டில் புரளவில்லை. அவன் 7.5-ல் வந்தவன் இல்லை. எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்தவன், அப்பாவின் தொழில் படுத்த பிறகு எங்களிடம் வந்தவன். நான்கு வரி கீழே எழுதியிருந்த, வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய கல்லூரி அவனுக்குக் கிடைத்திருக்கும். அது அதற்குள் போய்விட்டது. அவன் அந்த வருடம் டிகிரியில் சேர்ந்தான். மேல் வரி என்பது மதிப்புக்காக எழுதும் வரி இல்லை. கணினி அதை நிஜம் என்றே எடுத்துக்கொள்ளும். நீ உண்மையிலேயே போவாயா, வீட்டில் அனுப்புவார்களா, பணம் புரளுமா, விடுதியில் இருப்பாயா, இத்தனையும் யோசித்த பிறகு வருகிற ஆசையைத்தான் எழுத வேண்டும். பதினேழு வயதில் இதையெல்லாம் தனியாக யோசிக்க முடியாது. அப்பா அம்மா படித்த வீடுகளில் இந்தப் பேச்சு சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே நடந்துவிடுகிறது. முதல் பட்டதாரி வீடுகளில் அதைப் பேச ஆள் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் அட்மிஷன் சார் வந்து நிற்கிறார்.

ஒரே விண்ணப்பம் என்ற ஏற்பாட்டின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இப்போது ஒரே ஆன்லைன் விண்ணப்பம்தான், ஆனால் கவுன்சிலிங் கல்லூரிக்குக் கல்லூரி தனித்தனி. திருவண்ணாமலையிலும் வேறோர் ஊரிலும் ஒரே நாளில் கூப்பிட்டால் எதற்குப் போவது என்று பிள்ளைகள் தவிப்பதைப் பார்க்கிறேன். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கோ தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம். எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. செங்கத்துப் பெண்ணின் பட்டியலும் சென்னையில் படித்த பெண்ணின் பட்டியலும் ஒரே வரிசையில், ஒரே விதிப்படி, சிபாரிசு இல்லாமல் வாசிக்கப்படும் இடம் இந்தப் பொறியியல் கவுன்சிலிங். இவ்வளவு நேர்மையாக வாசிக்கிற ஒன்றுக்கு, பிள்ளை எழுதாத பட்டியலைக் கொடுக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

நான் முதல்வன், கல்லூரிக் கனவு என்று 2022-லிருந்து அரசு நிறையச் செய்கிறது. எந்தப் படிப்பு படித்தால் என்ன வேலை என்று பிள்ளைகளுக்கு இப்போது முன்பைவிடத் தெரிகிறது. பட்டியல் எழுதிப் பழகுவது மட்டும் எங்கும் இல்லை. ஜனவரியில், திருப்புதல் தேர்வுக்கு நடுவே இரண்டு பீரியட் போதும். முந்தைய வருட ஒதுக்கீட்டு விவரத்தைக் கையில் கொடுத்து, கற்பனையாக ஒரு ரேங்க் கொடுத்து, பட்டியல் எழுதச் சொல்லி, வகுப்பிலேயே ரேங்க் வரிசைப்படி இடம் கொடுத்துக் காட்டலாம். நான் என் வகுப்பில் செய்கிறேன். மேல் வரியில் கிண்டியை எழுதியவனுக்கும் ஒன்பதாவது வரி ஒழுங்காகக் கிடைப்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளையிடம் பிரவுசிங் சென்டர் அறிவுரை அதற்குப் பிறகு பலிப்பதில்லை.

தளத்தை நடத்துகிறவர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, பட்டியலை லாக் செய்ததும் எத்தனை வரி, முதல் மூன்று வரிகள் என்னென்ன என்று தமிழில் ஒரு குறுஞ்செய்தி, விண்ணப்பத்தில் உள்ள எண்ணுக்கும் அந்தப் பிள்ளை படித்த பள்ளியின் எண்ணுக்கும் போக வேண்டும். மற்றொன்று, ஒரே செல்போன் எண்ணில் பல விண்ணப்பங்கள் வந்தால் அந்தப் பிள்ளைகளைச் சேவை மையத்திலிருந்து ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அது வரும்வரை, சாய்ஸ் ஃபில்லிங் நடக்கும் அந்த மூன்று நாளும் எங்கள் ஹைடெக் லேபை மாலை ஏழு மணிவரை திறந்து வைக்க அனுமதி கேட்டுத் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேலூரில் ட்ரிபிள் இ படிக்கும் பெண் லீவு போட்டுக்கொண்டு வந்து கூட உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.